ஈரம் போக நின்ற எடை

தலைமை அலுவலகத்தில் காலாண்டுக் கணக்கு முடிகிற சமயத்துக்கு வாய்ப்பூட்டு என்று பெயர். பெயரை வைத்தது யாரோ ஒரு குறும்புக்காரர். விதியைப் போட்டது சட்டப் பிரிவு. எந்தச் சுரங்கத்தில் எவ்வளவு வெட்டினார்கள் என்பதைப் பற்றி, எண்களைத் தொட்டவர்கள் எவரும், முடிவுகள் வெளியாகும்வரை வெளியாள் ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது. பங்குச் சந்தைக்கு அவ்வளவு கூர்மையான காதாம். வீட்டில் தூக்கத்தில் உளறினால்கூட ஆபத்து என்று சட்டப் பிரிவுக்காரர் ஒரு கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மற்றவர்கள் இந்தப் பூட்டை வேண்டும்போது மாட்டிக்கொண்டு வேண்டாதபோது கழற்றி வைத்தார்கள். கூட்டல் மட்டும் அப்படியில்லை. கூட்டல் என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். இரும்பு, செம்பு, நிலக்கரி, துத்தநாகம் என்று அந்த நிறுவனம் பூமியில் கை வைக்காத இடமில்லை. அத்தனை சுரங்கங்களும் அனுப்புகிற எண்களை வாங்கி, ஒரே அளவுக்கு மாற்றி, கூட்டி, ஒரே பக்கத்தில் அடக்குவது அவள் வேலை. அந்தப் பக்கம்தான் மேல்மாடிக்குப் போகும், அங்கிருந்து உலகத்துக்குப் போகும். இத்தனை வருஷத்தில் ஒரு எண்கூடப் பிசகியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்தால்தான் என்ன, உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

அவளுடைய அண்ணன் அதே நிறுவனத்தின் துத்தநாகச் சுரங்கத்தில் பரிசோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டியெடுத்த தாதுவை அரைத்துக் கழுவிக் குவித்து வைத்த பொடியில் உலோகம் எவ்வளவு, மண் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்வது அவன் தொழில். அவன் வாய்க்குப் பூட்டு போட இன்னும் யாரும் பிறக்கவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பான். தங்கைக்கு மட்டும் சின்ன வயதிலிருந்து பாப்பா என்ற பெயர்தான், அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும்.

நிறுவனத்தின் பிள்ளைகளில் அந்தத் துத்தநாகச் சுரங்கம் நோஞ்சான். ஆழம் அதிகம், தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், பம்புகள் இரவு பகலாக இறைத்தால்தான் ஆள் இறங்க முடியும். ரயில் பாதை முடிகிற இடத்தில் ஒரு சிற்றூர், அந்த ஊருக்கு அது ஒன்றுதான் பிழைப்பு. காலாண்டின் தொடக்கத்தில் சுரங்க மேலாளர் எல்லோரையும் வாசலில் கூட்டி வைத்து, மேல்மாடியின் வார்த்தையை ஒப்பித்தார். இந்த முறை உற்பத்தி போன காலாண்டுக்கு ஒரு பிடி குறைந்தாலும் சுரங்கம் சாத்தப்படும். குறையாவிட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. அன்றிலிருந்து ஒரு ஆளும் லீவு போடவில்லை. முதுகுவலிக்காரர்கள் வலியை வீட்டில் வைத்துவிட்டு வந்து இறங்கினார்கள்.

ஆகவே வாய்ப்பூட்டுக் காலத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தபோது அவள் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் அவள் குரலே காட்டிக் கொடுத்துவிடும். அவன் விடாக்கண்டன். குரல் பதிவாக அனுப்பத் தொடங்கினான். முதல் பதிவை மட்டும் கேட்டாள். "மௌனச் சாமியாருக்கு நமஸ்காரம். தவம் எப்ப கலையும்? வரம் வேணாம், வாயைத் திறந்தா போதும்," என்று சிரித்திருந்தான். அதற்குப் பிறகு வந்தவற்றைக் கேட்காமலே அழித்தாள். விதி என்றால் விதி. அண்ணன் என்றால் மட்டும் சலுகையா என்று நாளைக்கு ஒருவன் கேட்டுவிடக்கூடாது. அவள் நேர்மையில் குற்றம் சொல்ல முடியாது. அந்த நேர்மையை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

துத்தநாகச் சுரங்கத்தின் எண் வந்த அன்று வழக்கம்போல அதை எடுத்துத் தன் கணினித் தாளில் ஒட்டினாள். அந்தச் சுரங்கத்துக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு இருந்தது. அங்கே ஈரம் பார்க்கிற அடுப்பு பழுதாகிக் கிடந்ததால், பொடியை ஈரத்தோடு எடை போட்டு அனுப்புவார்கள். தண்ணீருக்கென்று அதில் பத்தில் ஒரு பங்கை அவளுடைய தாள் தானாகக் கழித்துவிடும். காய்ந்த எடைதான் கணக்கில் ஏறும். எண்ணை ஒட்டினால் போதும், மீதியைத் தாள் பார்த்துக்கொள்ளும்.

தாள் பார்த்துக்கொண்டது. போன காலாண்டைவிடக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இறக்கம் என்று காட்டியது.

அவள் மறுபடி ஒட்டினாள். மறுபடி அதே எண். கணக்கை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. விதிப்படி சுரங்க மேலாளரிடம் மட்டும் பேசலாம் என்பதால் அவரைக் கூப்பிட்டாள். அவருக்கு ஏற்கெனவே செம்புச் சுரங்கத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"இறங்கித்தான் இருக்கும்," என்றார். "கீழ சரக்கே இல்லம்மா. நீங்க அனுப்புங்க."

"ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றீங்களா சார்?"

"பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார். பார்த்திருக்க மாட்டார் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

அவள் பக்கத்தை மேலே அனுப்பினாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தாள். அண்ணன் பெயர் போனில் இரண்டு முறை ஒளிர்ந்து அணைந்தது.

முடிவுகள் வெளியான நாளில் பெரிய அரங்கில் எல்லோரும் கூடினார்கள். இரும்பு இதுவரை காணாத உச்சம். செம்பும் ஏற்றம். நிலக்கரி நின்ற இடத்தில் நின்றது. திரையில் வண்ண வண்ணமாகக் கம்பங்கள் எழுந்தன. துத்தநாகத்துக்கு மட்டும் ஒரு குட்டைக் கம்பம், அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. இலக்கை எட்டாத காரணத்தால் அந்தச் சுரங்கம் பராமரிப்பு நிலைக்கு மாற்றப்படுகிறது, நீர் இறைப்பு இன்று மாலையோடு நிறுத்தப்படுகிறது. பராமரிப்பு என்றதும் ஏதோ தொட்டிலில் போட்டு ஆட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பம்பை நிறுத்தினால் தண்ணீர் ஏறும், கீழ்த்தளங்கள் முழுகும், பம்புகளே முழுகும், அதற்குப் பிறகு அந்தக் குழிக்குள் மீன்தான் இறங்க முடியும். கொலைக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து ஒரு பெயர் சூட்டியிருந்தார்கள்.

நஷ்டத்தை வெட்டியெறியத் தெரிந்த நிர்வாகம் என்று சந்தைக்கு ஒரே மகிழ்ச்சி. மதியத்துக்குள் பங்கு விலை ஏறியது. இனிப்பு வந்தது. கூட்டல் தன் பங்கைக் கையில் வாங்கி, யாரும் பார்க்காதபோது மேசையில் வைத்துவிட்டு, மாடிப்படி திரும்புகிற இடத்துக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் கூப்பிட்டாள்.

"பாப்பா," என்றான். சிரிப்பு இல்லாத அவன் குரலை அவள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "தெரிஞ்சுபோச்சு. அறிவிப்புப் பலகையில ஒட்டிட்டாங்க."

"அண்ணா, நான்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் நிலைமை எனக்குத் தெரியாதா? போன் எடுக்கலன்னு கோவமும் இல்ல. தப்பு என்னோடது. ஊர் வாயில நான்தான் மண்ணைப் போட்டேன்."

"நீ என்ன பண்ணின?"

"அந்த அடுப்பு. ஈரம் பாக்கிற அடுப்பு. செத்துக் கிடந்ததை நான்தானே ஆள் தேடிப் பிடிச்சுச் சரி பண்ணினேன். மெசேஜ்ல சொன்னேனே."

"நான் கேக்கல."

"இந்தத் தடவை ஒவ்வொரு குவியல்லயும் பொடி எடுத்து, காயவெச்சு, தண்ணியை அங்கேயே கழிச்சு, சுத்தமான எடையை அனுப்பினேன். எதுக்குன்னு கேளு. பெரிய சுரங்கத்துக் கூடம் எல்லாம் அப்படித்தான் அனுப்புது, நம்மளும் அனுப்பினா என்னன்னு. வெறும் பெருமைக்கு." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "போன தடவை போனது தண்ணியோட எடை. இந்தத் தடவை தண்ணி இல்லாத எடை. ரெண்டையும் பக்கத்துல வெச்சா இறங்கத்தானே செய்யும்? பசங்க உயிரைக் கொடுத்து வெட்டினாங்க பாப்பா. அதை நான் அடுப்புல வெச்சு ஆவியா விட்டுட்டேன்."

அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் சொன்னதில் பாதிதான் சரி. போன காலாண்டில் வெளியானதும் காய்ந்த எடைதான். அவன் அனுப்பிய ஈர எடையிலிருந்து தலைமை அலுவலகத்தில் அவள் தண்ணீரைக் கழித்திருந்தாள். அது அவனுக்குத் தெரியாது. சுரங்கத்தில் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. இந்த முறை அவன் கழித்துவிட்டு அனுப்பினான். அவளுடைய தாள் மறுபடியும் கழித்தது. இல்லாத தண்ணீரை, கல்லிலிருந்து, ஆட்கள் வெட்டிய கல்லிலிருந்து கழித்தது.

"அப்புறம் பேசறேன் அண்ணா," என்று வைத்துவிட்டாள்.

இடத்துக்கு வந்து சுரங்கம் அனுப்பிய தாளைத் திறந்தாள். எண்ணுக்கு மேலிருந்த தலைப்பில் 'ஈரம் போக' என்று இருந்தது. அண்ணன்தான் மாற்றியிருக்க வேண்டும். வருஷக்கணக்காக ஒரே தலைப்பைப் பார்த்த கண் அதைப் படிக்கவே இல்லை. அவள் அந்தத் தானியங்கிக் கழித்தலை எடுத்துவிட்டுப் பார்த்தாள். எண் நிமிர்ந்தது. போன காலாண்டைத் தாண்டி நின்றது. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஆனாலும் தாண்டித்தான் இருந்தது. அவர்கள் ஜெயித்திருந்தார்கள். ஜெயித்தவர்கள் எல்லோரும் இந்த நேரம் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் தலை குனிந்து நின்றுகொண்டிருப்பார்கள்.

உடனே தன் பிரிவு மேலாளர் அறைக்குப் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குத் திட்டித் தீர்க்கவாவது ஒரு முகம் கிடைத்திருக்கும். உட்காரச் சொன்னார், முழுவதும் கேட்டார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"சரிதான்," என்றார். "ரெண்டு தடவை கழிஞ்சிருக்கு."

"பம்பை இன்னிக்குச் சாயங்காலம் நிறுத்தறாங்க சார். அதுக்குள்ள சொல்லிட்டா..."

"இருங்க. மேல பேசிட்டு வர்றேன்."

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் ஒருவன் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மேலிருந்து கீழ்த்தளம்வரை துடைத்து முடிக்கிற வரைக்கும் மேலாளர் வரவில்லை. வந்தபோது கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, அவளுக்கு எதிரில் உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தணிக்கைக்காரங்களையும் கேட்டாச்சு," என்றார். "திருத்தம் போடற அளவுக்குப் பெருசில்லையாம்."

"பெருசில்லையா?"

"மொத்த உற்பத்தியைப் பாருங்க. உங்க பக்கம்தானே அது. இந்த வித்தியாசத்தைச் சேத்தா மொத்தத்துல ஒரு தசமம்கூட நகரல. முழுசாக்கும்போது அதே எண்தான் வருது. வெளியிட்டது தப்புன்னே சொல்ல முடியாது."

"ஆனா சுரங்கம் மூடறது அந்த எண்ணை வெச்சுத்தானே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "சந்தைக்குச் சொல்லியாச்சும்மா. விலை ஏறியாச்சு. இனிமே மூடலன்னு சொன்னா என்ன ஆகும்னு யோசிங்க. அவங்க அதைத்தான் யோசிக்கிறாங்க."

"தப்பு என்னோடது. என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க. எண்ணை மட்டும் மாத்துங்க."

"உங்களை அனுப்பினா ஏன்னு சொல்லணுமே," என்றார், மிகவும் அன்பாக. "நீங்களே கண்டுபிடிச்சு நீங்களே வந்து சொன்னீங்க. மேல அதைப் பாராட்டினாங்க. யாரும் உங்க மேல ஒரு குறையும் வெக்கல. இது இந்த அறையோட போகட்டும்."

திட்டு வாங்கினால் தாங்கியிருப்பாள். மன்னிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறுவனத்துக்கு அவள் தப்பு ஒரு தூசி. அந்தத் தூசிக்குள் ஒரு ஊர் இருந்தது. அவள் எழுந்து தன் இடத்துக்குப் போய், வேலை நேரம் முடிகிறவரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஆனது. அங்கே பம்புகள் நின்றிருக்கும்.

வெளியே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டாள். பத்திரிகைக்காரர் ஒருவருடைய எண்ணைத் தேடிக்கூட எடுத்தாள். கூடவே சட்டப் பிரிவுக்காரரின் சிரிக்காத முகமும் ஞாபகம் வந்தது. வழக்கு, விசாரணை, வேலை, அண்ணன் குடும்பத்துக்கு இனி அவள் சம்பளம்தான் என்கிற நினைப்பு, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தன. அவளுக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான். பயத்துக்கு வேறு நல்ல பெயர் தேடிப் பிரயோஜனமில்லை. அண்ணனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தாள். அதற்கும் அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

காலை ரயிலில் போய் இறங்கினாள். அந்த ஊரில் பம்பு இரைச்சல் எப்போதும் இருக்கும். பேசுகிறவர்கள் அதற்கு மேல் குரலை உயர்த்தித்தான் பேசுவார்கள். இப்போது இரைச்சல் இல்லை, ஆனால் பழக்கத்தில் எல்லோரும் சத்தமாகவே பேசினார்கள், பேசிவிட்டுத் தங்கள் குரலுக்குத் தாங்களே திடுக்கிட்டார்கள். சைக்கிள் கடையும் தேநீர்க் கடையும் திறந்திருந்தன. ஆட்கள் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் சும்மா நின்றார்கள்.

அண்ணன் வீடு நிறுவனத்துக் குடியிருப்பில் கடைசி வரிசையில் இருந்தது. அண்ணி கதவைத் திறந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"வாம்மா. நீயாவது வந்தியே. இந்த வாசல்ல ஆள் காலடி பட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கடைக்குப் போனா, என்ன வேணும்னுகூட யாரும் கேக்கறதில்ல. அடுப்பு விஷயத்தை அவரே ஊர் முழுக்கச் சொல்லிட்டாரு. உங்க அண்ணன் புண்ணியம்."

"அண்ணன் எங்க அண்ணி?"

"எங்க போவாரு? உள்ளதான். செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. சாப்பிடுங்கன்னா சாப்பிடறாரு, எந்திரிங்கன்னா எந்திரிக்கிறாரு. ஒரு வார்த்தை கிடையாது. பேசிப் பேசி என் காதைப் புண்ணாக்கின மனுஷன்." அண்ணி பையைக் கீழே வைத்தாள். "பாழாப்போன அடுப்பு. அதை யாரு சரி பண்ணச் சொன்னா இவரை?"

அறைக்குள் அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். சன்னல் திண்டில் கூடத்திலிருந்து கொண்டுவந்த அவனுடைய சின்னத் தராசு துணி போர்த்திக் கிடந்தது. அண்ணி தேநீர் வைத்துவிட்டுப் போனாள். கூட்டல் கதவைச் சாத்தினாள்.

"அண்ணா, உன் மேல தப்பில்ல," என்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "தப்பு என்னோடது. போன தடவையும் நாங்க தண்ணியைக் கழிச்சுட்டுத்தான் போட்டோம். எப்பவும் அப்படித்தான். இந்தத் தடவை நீ கழிச்சு அனுப்பினது தெரியாம நான் இன்னொரு தடவை கழிச்சுட்டேன். நீ மெசேஜ்ல சொன்னதை நான் கேக்காம அழிச்சுட்டேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தான். கணக்குப் போடுகிறவன் முகம். போட்டு முடித்ததும் கண்கள் விரிந்தன.

"அப்ப நாங்க குறையல?"

"குறையல. கூடத்தான் வெட்டியிருக்கீங்க."

அண்ணன் எழுந்தான். எழுந்த வேகத்தில் தேநீர் தட்டிக் கொட்டியது. ஆணியில் கிடந்த சட்டையை உருவி ஒரு கையை நுழைத்தான். "அடிப்பாவி, இதைச் சொல்ல இத்தனை நாளா? வா, சங்கத்துக்குப் போவோம். நீ வந்து சொல்லு. செயலாளர் அங்கதான் இருப்பாரு. பம்பை மறுபடி போட்டா ஒரு மாசத்துல இறைச்சுடலாம்." முகம் முழுக்கப் பழைய சிரிப்பு வந்து ஏறியது. அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அண்ணா, உக்காரு. நான் மேல சொல்லிட்டேன். அன்னிக்கே சொல்லிட்டேன். தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா திருத்த மாட்டாங்க. பம்பும் முழுகிடுச்சு, உனக்கே தெரியும். இனிமே எந்த எண்ணைச் சொன்னாலும் திறக்க மாட்டாங்க."

ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அவன் நின்றான். பிறகு அப்படியே உட்கார்ந்தான். தரையில் தேநீர் ஓடிக் கட்டிலின் கால்வரை வந்தது. இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.

"உனக்கு வேலை?" என்று கேட்டான்.

"இருக்கு. ஒண்ணும் சொல்லல."

"வெளிய தெரிஞ்சா?"

"தெரிஞ்சா போயிடும். கேஸும் போடுவாங்க."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "ஏன் பாப்பா எங்கிட்ட சொன்ன?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "என் தப்புன்னு நினைச்சிருந்தப்ப தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தேன். அது முடிஞ்சுது. என் தப்பு, என் பாடு. இப்ப ஒவ்வொருத்தன் முகத்துலயும் முழிக்கும்போது, நீங்க ஜெயிச்சீங்கடான்னு சொல்ல வாய் வரும். சொன்னா உன்னைக் காட்டிக் கொடுக்கணும். இதை வெச்சுட்டு நான் இந்த ஊர்ல எப்படி இருப்பேன்?"

தன் நெஞ்சுச் சுமையை இறக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இறக்கியது அண்ணன் தலையில் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வராமலே இருந்திருக்கலாம்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அண்ணி கதவைத் தட்டி, சங்கத்துச் செயலாளர் வந்திருப்பதாகச் சொன்னாள். தலைமை அலுவலகத்துத் தங்கச்சி ரயிலில் வந்து இறங்கிய செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. செயலாளர் துளை போடும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர், பெரிய உடம்புக்காரர். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். வீட்டுக்குள் வரவில்லை, அண்ணன் பக்கம் யாரும் பார்க்கவும் இல்லை.

"உங்களைத் தொந்தரவு பண்ண வரலம்மா," என்றார் செயலாளர். "திறங்கன்னு உங்ககிட்ட கேக்க வரல. அது உங்க கையில இல்லன்னு தெரியும். ஒரே ஒரு விஷயம். நீங்கதான் அந்தக் கணக்கைக் கூட்டறவங்கன்னு சொன்னாங்க. காயவெச்சதுல போச்சுன்னு உங்க அண்ணன் சொல்றாரு, எங்களுக்கு அது தெளியல. நாங்க நிஜமாவே குறைஞ்சுதான் போனோமா?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன், கழுத்து வலிக்குப் பட்டை மாட்டியவன், முன்னால் வந்தான். "இந்தக் காலாண்டு மாதிரி நான் என் ஆயுசுல வெட்டினதில்லம்மா," என்றான். "எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அதான் மனசு ஆறல. குறைஞ்சுதுன்னா விட்டுடுவோம். எங்க கை போதலன்னு நினைச்சுக்குவோம்."

அவள் வாயைத் திறந்தாள். ஒரே வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை சுரங்கத்தைத் திறக்காது, ஒருவனுக்கும் வேலை தராது, ஆனால் இந்த வாசலில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து வீட்டுக்குப் போவார்கள். அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் இன்னும் ஒரு கை மட்டும் சட்டையில் நுழைத்தபடி அறை வாசலில் நின்றான்.

"குறைஞ்சுதான் போச்சு," என்றான் அண்ணன். "நான்தான் சொன்னேனே. காயவெச்சதுல போனது. அவளை ஏன் கேக்கறீங்க?"

"உன்னை யாரும் கேக்கல," என்றார் செயலாளர், அவன் பக்கம் திரும்பாமலே. "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா நம்புறோம்."

அண்ணன் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். சின்ன வயதில் அப்பா முன்னால் அவளுக்குப் பதிலாக அடி வாங்க நிற்கும்போது அசைப்பது போலத்தான் இருந்தது.

"ஆமா," என்றாள். "நானே ரெண்டு தடவை சரிபாத்தேன். குறைஞ்சுதான் இருந்துச்சு."

கழுத்துப் பட்டைக்காரன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துவிட்டுக் கீழே விட்டான்.

"சரிம்மா," என்றார் செயலாளர். "இவ்வளவு தூரம் நேர்ல வந்து உண்மையைச் சொன்னீங்களே. ரொம்ப நன்றி."